நல்லெண்ணெய் மணத்த கிளவுஸ்

தோலும் நல்லெண்ணெயும் கலந்த அந்த மணத்தை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. சனிக்கிழமை முழுக்குக்கென்று அம்மா தனியாக எடுத்துவைத்திருக்கும் போத்தலிலிருந்து களவாக ஊற்றிய நல்லெண்ணெயை, கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் ஏழாம் மாடி பல்கனியில் குந்தியிருந்து, கோடைக் காலை வெயிலில், அண்ணா தன் பேஸ்போல் கிளவுசுக்குப் பூசிப் பூசித் தேய்ப்பான். புதுத்தோல் இளகுவதற்கு எண்ணெய் பூசி, உள்ளங்கைப் பக்கத்தில் பந்தை வைத்துக் கட்டி, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படு என்று அவனுடைய கோச் சொல்லியிருந்தார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவுமில்லை, அண்ணா கேட்கவுமில்லை. எண்ணெய் என்றால் எங்கள் வீட்டில் குசினியில் இருப்பதுதானே.

கிளவுஸ் இளகியது உண்மை. அதோடு கறுத்தும் போனது. மத்தியானத்தில் எறும்பு வரிசையும் கட்டியது. அவனுடைய அணிப் பெடியள் அதை மூக்கருகில் பிடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்களாம். அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னடி இது, குடிக்கிறியளோ?" என்று என்னைத்தான் கேட்பார். எனக்கு அப்போது பத்து வயது, அண்ணாவுக்குப் பதினேழு. அவனைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவன் எங்கள் கட்டடத்தின் நட்சத்திரம் அல்லவா?

நட்சத்திரம் என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் பேஸ்போல் கழகத்தில் பந்து எறிந்த முதல் தமிழ்ப் பெடியன் அவன்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை மறுத்துப் பேச யாரும் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் பந்து போடப்போய் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கட்டிக்கொண்டவனும் அவன்தான். முழங்கை மடிகிறது, இவன் பந்து போடவில்லை, எறிகிறான் என்று நடுவர் "நோ போல்" கொடுத்தபடியே இருப்பார். கடைசியில் அவனை எல்லைக்கோட்டில் பந்து பொறுக்க விட்டுவிட்டார்கள். அந்த முழங்கையோடுதான் அவன் விமானம் ஏறி வந்தான். இங்கே பார்த்தால், எறிவதற்கென்றே ஒரு விளையாட்டு, அதற்கென்று ஒரு மண்மேடு, எறிகிறவனைச் சுற்றித்தான் மற்ற எல்லாரும். அங்கே குற்றமாக இருந்தது இங்கே அவனைத் தோளில் தூக்க வைத்தது.

ஆனாலும் முதல் ஆட்டத்தில் கிரிக்கெட் அவனை லேசில் விடவில்லை. துடுப்பை வீசினான், பந்து நல்ல தூரம் போனது, இவன் துடுப்பையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். பேஸ்போலில் அடித்த கையோடு துடுப்பைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். இவனோ முதலாம் பேஸ் என்கிற இடத்துக்குப் போய், குனிந்து, துடுப்பை நீட்டி அந்த வெள்ளைச் சதுரத்தை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு ஒரு ஓட்டம் எடுத்துவிட்ட திருப்தியில் திரும்பி ஓடத் தொடங்கினான். கம்பி வேலிக்கு வெளியே நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே. அண்ணா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் பல்கனியில் வைத்து, துடுப்பைப் போட்டுவிட்டு ஓடுவதைத் வீடு கூட்டும் தும்புத்தடியால் பழகினான்; கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை பழகினான்.

நகரமே பேஸ்போல் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் அது. அண்ணா மண்மேட்டில் ஏறினால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் வேலியில் தொங்குவோம். எறிவதற்கு முன் அவன் இடது காலைத் தூக்கி ஒரு கணம் அப்படியே நிற்பான். அந்தக் கணத்தில் எங்கள் கதையெல்லாம் நின்றுவிடும். பிறகு பந்து பிடிக்கிற கச்சரின் கையில் அது போய் விழும் சத்தம்தான் கேட்கும். பந்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. தமிழ்க் கடையில் பாண் வாங்கப் போனால், "பந்தெறிகாரன்ரை தங்கச்சியோ?" என்று கேட்டு ஒரு ரொபி மிட்டாய் தருவார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த புகழ் அவ்வளவுதான்.

அப்பா ஒருநாளும் வரவில்லை. அவருக்குப் பகலில் ஒரு தொழிற்சாலை, இரவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. விளையாட்டைப் பற்றி அவர் சொல்வது ஒன்றுதான்: "பந்து எறிஞ்சு ஆர் ஆளானது?" கோபமாகச் சொல்லமாட்டார், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, களைத்த குரலில், யாரிடமோ விசாரிப்பதுபோலச் சொல்வார்.

அந்தக் கோடையில்தான் அதற்கு ஒரு பதில் வரும்போல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் வருகிறார்கள், ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பூங்காவிலேயே பந்தெறிகிற பெடியளைப் பார்க்கப்போகிறார்கள், பிடித்துக்கொண்டால் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் அவர்களுடைய பொறுப்பு என்று கோச் சொன்னார். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். அண்ணா அந்தக் கிழமை முழுவதும் வலது கையால் சாமான் தூக்கவில்லை; சோற்றைக்கூடக் கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டான். வேறு நாளென்றால் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பார். அந்தக் கிழமை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு தொலைபேசி வந்தது. ஊரில் பெரியப்பா, அப்பாவின் தமையன், இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சலில் மோசம் போய்விட்டார், எரித்தும் முடிந்துவிட்டது. யாரோ கொழும்புக்கு வந்தவர் அங்கிருந்து எடுத்துச் சொன்னார். தாய் தகப்பன் இல்லாத அப்பாவைத் தோளில் போட்டு வளர்த்தவர் அந்தப் பெரியப்பா. அப்பாவைக் கனடாவுக்கு அனுப்பத் தன் காணியை விற்றவரும் அவர்தான். அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய், உடுப்போடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வந்தார். வந்து நின்று, "துடக்கு" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, அதாவது ஒரு மாதமளவுக்கு, எங்கள் ஆட்களுக்குத் துடக்கு; தீட்டு என்பதுதான் அது. கோயிலுக்குப் போவதில்லை, மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பதில்லை, ஆண்கள் முகம் வழிப்பதில்லை, கொண்டாட்டம் என்று எந்த இடத்துக்கும் போவதில்லை. விளையாட்டு இதில் எங்கே வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பா எழுதி வைத்ததுபோல் சொன்னார்: "செத்த வீட்டுக்காரர் பந்து விளையாடப் போறேல்லை." அந்தச் சனிக்கிழமை துடக்குக்குள் விழுந்தது.

அண்ணா கோச்சிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். சிவந்த முகமும் பெரிய வயிறுமாக, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட எங்கள் சோபாவில் கிறீச்சென்ற சத்தத்தோடு இருந்தார். அம்மா பால் இல்லாத தேத்தண்ணி கொடுத்தார். தன்னுடைய விஷயத்தைத் தானே மொழிபெயர்ப்பது சரியில்லை என்று அண்ணா தள்ளி நின்றுகொண்டதால், நடுவில் நின்று பேசியது நான்தான்.

செத்த வீடு எப்போது என்று கோச் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். எங்கே என்றார். இலங்கையில் என்றேன். இங்கிருந்து யாராவது போனீர்களா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் சனிக்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அதுதானே உண்மை. அந்த மனிதர் பொறுமையாகத்தான் இருந்தார். இப்படி ஒரு கை எங்கேயாவது ஒருவனுக்குத்தான் வாய்க்கும் என்று தன் கையைத் தூக்கிக் காட்டினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அவரிட்டைச் சொல்லு பிள்ளை. என்னைத் தூக்கி வளர்த்த மனிசனுக்கு நான் கொள்ளிக்கும் போகேல்லை, காடாத்துக்கும் போகேல்லை. இஞ்சை இருந்து செய்யக்கூடியது உது ஒண்டுதான். உதையாவது ஒழுங்காச் செய்யிறன் எண்டு சொல்லு."

இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அப்பா சரியான கவலையில் இருக்கிறார் என்றேன். கோச் தலையை ஆட்டினார், எழுந்தார். வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்: அன்றைக்கு மழை பெய்தால் மண் ஊறிவிடும், எறிய முடியாது, அப்படியானால் கல்லூரிக்காரர்கள் அடுத்த மாதக் கடைசியில் திரும்பவும் வருவார்கள். அதற்குள் எங்கள் அந்தியேட்டி முடிந்துவிடும். இதையும் நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

நான் மழைக்கு வேண்டிக்கொண்டேன். துடக்கு வீட்டில் சாமிப்படம் திரை போட்டு மூடியிருந்தது. திரைக்கு முன்னால் நின்றுதான் வேண்டினேன். சனிக்கிழமை விடிந்தபோது வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. அண்ணா பல்கனியில் குந்தியிருந்து பந்தைக் கிளவுசுக்குள் எறிந்து எறிந்து எடுத்தான். டப், டப் என்று அதே சத்தம், ஒரே சீராக. அப்பா வேலைக்குப் போகவில்லை. வழிக்காத தாடியோடு இருப்பறை யன்னலில், திரைச்சீலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்தபடி, காலையிலிருந்து நின்றார். அம்மா வைத்த தேத்தண்ணி யன்னல் தட்டில் ஆறிக் கிடந்தது. அண்ணா ஓடிப்போய்விடாமல் காவல் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் திரும்பியதும் பல்கனிச் சத்தம் நின்றது. அப்பாவும் போய்ப் படுத்துக்கொண்டார்.

அண்ணா சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எங்களுக்கெல்லாம் சுகமாக இருந்திருக்கும். அடுத்த கோடையில் அவன் கழகத்தில் சேரவில்லை; ஏன் என்று கேட்டால், "சும்மா" என்றான். கிளவுஸ் பல்கனியில் வெங்காயப் பைக்கு அடியில் கிடந்தது. வீடு மாறியபோது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணா பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியத்தில் சாமான் ஏற்றி இறக்கினான், பிறகு லொறி ஓட்டினான், கலியாணம் கட்டினான், அம்மாவைக் கடைசிவரை பார்த்தான், அப்பாவைத் தன்னோடு வைத்திருந்தான். பேஸ்போலைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை, மகள் பிறந்து நடக்கத் தொடங்கும்வரை. தருணிக்குக் கை நிமிர்ந்த நாளிலிருந்து அவளோடு பூங்காவில் எறிந்துகொண்டிருந்தான். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பெண் பிள்ளைகளின் பேஸ்போல் அணியில் பந்தெறிகிறவள் அவள்தான்.

இந்தக் கோடையில் அண்ணா செத்துப்போனான். பிறம்ரனில் லொறியை நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுக்க நடந்து போனவன் வழியில் விழுந்தான். மாரடைப்பு. எனக்கு அழுகை வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படித்தான் இருந்தது. கன்னம் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், பூக்காரருக்குப் போன் எடுத்தேன், கறுப்புச் சேலைக்குப் பொருத்தமாகச் சப்பாத்துத் தேடினேன். ஒஷாவாவிலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, முப்பத்தோராம் நாளுக்கு நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு, "உன்ரை தமையன்ரை வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கத்திலை எழுதித் தா" என்றார். எழுதிக் கொடுத்தேன். பிறந்தான், படித்தான், உழைத்தான், நல்ல மகன், நல்ல தகப்பன். பேஸ்போல் என்ற சொல் அதில் இல்லை. எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவில் அதைச் செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் கிழமை தருணி என்னிடம் வந்தாள். "மாமி, சற்றர்டே எனக்கு செமி ஃபைனல். கோச் கேக்கிறா. நான் பிளே பண்ணலாமா?" என்றாள். அண்ணியைப் பார்த்தேன்; அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் காதில் விழுந்துவிட்டது.

"தேப்பன் செத்து மாசம் ஆகேல்லை. பெட்டை பந்து எறியப் போறாளோ? சனம் என்ன கதைக்கும்?"

"டாட் போகச் சொல்லியிருப்பார்," என்றாள் தருணி. "ஐ நோ ஹிம்."

எல்லாரும் அப்பா பக்கம் திரும்பினோம். இப்படியான விஷயத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. அவர் மூலையில் கதிரையில் இருந்தார்; வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். வாய்க்குள் அதைச் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் அப்பா.

பிறகு தருணியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, மட்ச் எத்தினை மணிக்கு எண்டு கேட்டனான்."

"பத்து மணிக்கு, அப்பப்பா."

"அப்ப வெள்ளெனச் சாப்பிடவேணும்," என்றார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைத் தூக்கினார். "எனக்குத் தெரியும் துடக்கு எண்டு. நான் ஒரு துடக்கையும் விட்டவன் இல்லை."

சனிக்கிழமை அவரும் வந்தார். மடிக்கிற கதிரையை மற்றப் பெற்றோர் இருந்த பக்கம் போடவிடவில்லை. துடக்குக்காரர் மற்றவர்களோடு சேர்ந்து இருக்கக்கூடாதாம். எல்லாரையும் விட்டு, வெளிமைதானத்தின் கம்பி வேலியோரம், வெயிலுக்குள் போடச் சொன்னார். எண்பது வயது மனிதர், முகம் வழிக்காமல், வேட்டியோடு, காற்றுக்குப் போடும் மேலங்கி போட்டுக்கொண்டு, தனியாக. போகிறவர் வருகிறவர் ஒருமாதிரிப் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. தருணி மண்மேட்டில் ஏறி, இடது காலைத் தூக்கி, ஒரு கணம் நின்றாள். அப்பா கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

ஒவ்வொரு பந்தாகப் பார்த்தார். விதியொன்றும் தெரியாது; யார் வெளியே, யார் உள்ளே என்றும் கேட்கவில்லை. இடையில் ஒருமுறைதான் வாயைத் திறந்தார்.

"அவனும் உப்பிடித்தான் எறிஞ்சவனோ?"

ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "இல்லையப்பா. அண்ணா உதைவிட வேகம்," என்றேன். "எங்களுக்குப் பந்தே தெரியாது. சத்தம்தான் கேக்கும்."

அவர் தலையை ஆட்டினார். தருணியின் அணி ஒரு ஓட்டத்தில் தோற்றது. பிள்ளைகள் எல்லாம் ஐஸ்கிரீமுக்குப் போக, இவள் எங்களிடம் வந்து, கிளவுசைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் புல்லில் இருந்தாள். அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுக் கிளவுஸ், கடையிலேயே இளக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மணமும் இல்லை.

திரும்பி வரும்போது அப்பா, "அவன் விளையாடின இடத்தைக் காட்டு," என்றார். இத்தனை வருடமும் அதே தெருவால் எத்தனையோ தரம் போயிருக்கிறோம். காரை ஓரமாக நிறுத்தினேன். காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. மண்மேடு இல்லை, நாங்கள் தொங்கிய கம்பி வேலி இல்லை. வரிசையாக ஒரே மாதிரி வீடுகளும் கார் நிறுத்தும் இடமும்தான் இருந்தன. பின்னால் எங்கள் பழைய கட்டடம் மட்டும் நின்றது. எங்கள் பல்கனியில் யாரோ ஒரு சைக்கிளைக் கட்டியிருந்தார்கள்.

"இதிலையோ?"

"ஓம் அப்பா. அந்தச் சிவப்புக் கார் நிக்கிற இடமளவிலை."

அப்பா சிவப்புக் காரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் குனிந்து, ஏழாம் மாடி யன்னலைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே வானத்தைப் பார்த்தார். அன்றைக்குப் போலவே ஒரு முகில் இல்லை. தருணி பின் ஆசனத்தில் நித்திரையாகிவிட்டாள்.

"அண்டைக்கு விடியத் துவங்கி அதிலைதான் நிண்டு பாத்தனான், பிள்ளை," என்றார். "ஒரு தூறல் விழுந்திருந்தாலும் போதும்."